கல்லீரலுக்குள் ஒரு தண்ணீர் பலூன்!

'காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்'னு ஒரு பழமொழி இருக்கு இல்லையா? சுத்தப் பொய்! காமாலை வந்தவனுக்கு உலகம் எப்பவும் போலத்தான் தெரியும். பக்கத்துல இருக்கிற நமக்குத்தான் அவன் கண்ணு மஞ்சளா தெரியும். அதனால அதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு அவனைவிட நமக்குத்தான் அதிகம்.

இந்தப் பொறுப்பில் அடியேன் ஒருமுறை செமத்தியா சொதப்பியிருக்கேன். இந்த வாரம் மேட்டர் அதுதான்.

மாங்காட்டில் எங்க தெருவில் ஒரு தம்பி. பேர் வேண்டாம். இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். அப்பா திருமுடிவாக்கம் சிட்கோவில் லேத் வேலை. அம்மா வாரம் தவறாம காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போறவங்க. பையன் படிப்பிலும் ஓகே, கிரிக்கெட்டிலும் ஓகே. செமஸ்டருக்கு ஒரு மாசம் இருக்கும்போது ஆள் டல் ஆனான். சாப்பாடு இறங்கலைங்கிறான். வலது விலாவுக்குக் கீழே கனமா இருக்குங்கிறான். ராத்திரி முழுக்க உடம்பைச் சொறியறான். க்ளாஸ்ல அவனுக்கு 'சொறி ஸ்பெஷலிஸ்ட்'னு பட்டமே வெச்சுட்டாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில டீக்கடையில பார்த்தேன். கண்ணு ரெண்டும் மஞ்சள். "டேய், உனக்குக் காமாலைடா. கேன்டீன் தண்ணியோட வேலை. இதுக்கெல்லாம் இங்கிலீஷ் மருந்தே கிடையாது. வா, வண்டியில ஏறு"ன்னு கூட்டிட்டுப் போனேன். எங்கே? கீழாநெல்லி அரைச்சுக் கொடுக்கிற ஒருத்தர் வீட்டுக்கு!

மூணு நாள் வெறும் வயித்துல மோர்ல கலந்து மருந்து. உப்பு, எண்ணெய், காரம் கட். ஒரு வாரம் கழிச்சு ரத்தம் டெஸ்ட் பண்ணினா, 6-ல இருந்த பிலிருபின் 4-க்கு இறங்கியிருந்தது. "பார்த்தியா, அண்ணன் சொன்னேன்ல!"னு காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன். அடுத்த வாரம் 9. 'பத்தியத்தை மீறிட்டான், பிரியாணி சாப்பிட்டிருப்பான்'னு நாங்களே தீர்ப்பும் எழுதிட்டோம். அவன் பாவம், ரசம் சாதத்தைத் தவிர எதையும் தொடலை.

மூணாவது வாரம் ஒரு ராத்திரி. கட்டில் ஆடற அளவுக்குக் குளிர்க் காய்ச்சல். ரெண்டு கம்பளி போர்த்தியும் நிக்கலை. அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

அந்த ஒரு கேள்வி!

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனை. ராத்திரி டூட்டியில் ஒரு பி.ஜி. டாக்டரம்மா. எங்களைவிட நாலஞ்சு வயசு கூட இருந்தா அதிகம். வயித்தைத் தொட்டுப் பார்த்தாங்க. கண் இமையை இழுத்துப் பார்த்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"தம்பி, ரெண்டுக்குப் போறது என்ன கலர்ல இருக்கு?"

அவன் தலையைக் குனிஞ்சுட்டான். அம்மா வேற பக்கத்துல. "கூச்சப்படாம சொல்லுப்பா"ன்னு மறுபடி கேட்டதும் முணுமுணுத்தான். "வெள்ளையா மேடம்... களிமண் மாதிரி."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரத்துக்கு மேல இருக்கும்."

டாக்டரம்மா எங்க எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தாங்க. திட்டலை. 'இது தண்ணியில வர்ற சாதா காமாலை மாதிரி தெரியலைங்க. எங்கேயோ குழாய் அடைச்சிருக்கு. உடனே ஸ்கேன்'னு எழுதினாங்க. ரெண்டு வாரமா அவனுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை நாங்க யாரும் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. வெக்கம்!

அந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு வெயிட்? அதுக்குக் கொஞ்சம் பயாலஜி தேவை. தூங்கிடாதீங்க, சீக்கிரம் முடிச்சுடறேன்.

குழாய்க் கணக்கு

நம்ம கல்லீரல் சுமார் ஒண்ணரைக் கிலோ எடை. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீரைத் தயாரிக்குது. மரத்தோட சின்னக் கிளைகள் பெரிய கிளையில் சேர்ந்து, பெரிய கிளைகள் அடிமரத்தில் சேர்கிற மாதிரி, கல்லீரல் முழுக்க ஓடுகிற நுண்ணிய பித்தக் குழாய்கள் வலது, இடதுன்னு ரெண்டு குழாய்களாகி, கடைசியில் ஒரே பொதுக் குழாயாகச் சிறுகுடலில் போய்த் திறக்குது. அந்தப் பொதுக் குழாயோட அகலம் சாதாரணமா 6 மில்லிமீட்டர் அளவுதான். கூல்டிரிங்க்ஸ் ஸ்ட்ராவை நினைச்சுக்குங்க. பித்தப்பை என்பது பக்கத்தில் இருக்கிற ஸ்டோரேஜ் டேங்க், அவ்வளவுதான்.

பழைய ரத்த சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின்னு ஒரு மஞ்சள் கழிவு வருது. அதைக் கல்லீரல் பித்தநீரோட சேர்த்துக் குடலுக்கு அனுப்புது. மலத்துக்குப் பழுப்பு நிறம் வர்றதே இதனாலதான். இப்போ குழாய் அடைச்சா என்ன ஆகும்? குடலுக்கு நிறம் போய்ச் சேராது, மலம் வெளுக்கும். தேங்கின பிலிருபின் ரத்தத்துக்குத் திரும்பும், கண்ணு மஞ்சளாகும். சிறுநீரகம் அதை வெளியேத்தப் பார்க்கும், சிறுநீர் கறுத்த டீ டிகாக்‌ஷன் மாதிரி போகும். பித்தத்தில் இருக்கிற பொருட்கள் உடம்பில் தேங்கினா அரிப்பு. தேங்கின பித்தத்தில் கிருமி புகுந்தா குளிர்க் காய்ச்சல்.

எங்க தம்பி கதையை இப்போ திருப்பிப் படிச்சுப் பாருங்க. 'சொறி ஸ்பெஷலிஸ்ட்'னு நாங்க சிரிச்சதே நோயோட அறிகுறி. வலி, குளிர்க் காய்ச்சல், காமாலை மூணும் சேர்ந்து வந்தா பித்தக்குழாயில் சீழ் பிடிக்குதுன்னு அர்த்தம். பிரான்ஸ் டாக்டர் ஷார்கோ 1877-லேயே எழுதி வெச்சிருக்கார். அது எமர்ஜென்சி. ஒரு நாள் தாமதம்கூட உயிருக்கு வேட்டு வைக்கலாம்.

அப்போ கீழாநெல்லி? அதைக் கிண்டல் பண்றது என் நோக்கம் இல்லை. சென்னை ஆராய்ச்சியாளர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லி இனத்தை ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1988-ல் 'லான்செட்' இதழிலேயே கட்டுரை வெளியிட்டாங்க. பிறகு மற்ற இடங்களில் நடந்த எல்லா ஆய்வுகளிலும் அதே பலன் கிடைக்கலை. அது தனிக் கதை. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். தண்ணீரால் வர்ற ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்தில் தானாவே சரியாகிடும். அந்த கிரெடிட் கடைசியா குடிச்ச மருந்துக்குப் போயிடும். ஆனா குழாய் அடைப்புங்கிறது ப்ளம்பிங் பிரச்னை. எந்த இலையும் உள்ளே போய் அடைப்பை எடுக்காது.

ஸ்கேன் ரூமில்...

அல்ட்ரா சவுண்ட் ஸ்கேனில் தெரிஞ்சது கல் இல்லை. கல்லீரலின் வலது பக்கத்தில் ஒரு பெரிய நீர்க்கட்டி. அதுக்குள்ளே சின்னச் சின்னதா இன்னும் பல கட்டிகள், தேன்கூடு மாதிரி. கூடவே பித்தக் குழாய்கள் வீங்கியிருந்தன. டாக்டர் கேட்ட அடுத்த கேள்விதான் எங்களைக் குழப்பிச்சு.

"சின்ன வயசுல நாய் வளர்த்தியா? ஆடு மேய்க்கிற ஊர்ல இருந்தியா?"

இருந்தான்! அஞ்சாம் வகுப்பு வரைக்கும் திருவண்ணாமலைப் பக்கம் பாட்டி வீடு. இருபது ஆடு, ஒரு நாய். நாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவானாம்.

அந்தக் கட்டிக்குப் பேர் ஹைடாடிட். 'எக்கினோகாக்கஸ்'னு ஒரு நாடாப்புழு. முழுசா வளர்ந்தாலும் சில மில்லிமீட்டர்தான். நாயோட குடலில் சமர்த்தா வாழும், நாய்க்கு ஒண்ணும் பண்ணாது. முட்டைகள் நாயின் மலத்தில் வெளியே வரும். புல் மேயும்போது அது ஆட்டுக்குள் போய், ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியா வளரும். ஆடு வெட்டும்போது கழிவை நாய்க்குத் தூக்கிப் போட்டா, கட்டியில் இருக்கிற குட்டிப் புழுக்கள் நாயின் குடலில் மறுபடி வளர்ந்து வட்டம் முழுமையாகும்.

இந்த வட்டத்தில் மனுஷன் தேவையே இல்லை. நடுவில் மாட்டிக்கிற அப்பாவி! நாயின் ரோமத்தில், மண்ணில், கழுவாத கீரையில் ஒட்டியிருக்கிற முட்டை கை வழியா வாய்க்குப் போனா போதும். குடலிலிருந்து ரத்தத்தோட முதலில் வந்து சேர்றது கல்லீரலுக்குத்தான். அதனால பெரும்பாலான கட்டிகள் அங்கேதான். அடுத்தது நுரையீரல். வருஷக்கணக்கில் சத்தமே இல்லாம வளரும். பத்து வயசில் புகுந்தது இருபது வயசில் கதவைத் தட்டும்.

இந்தியாவில் ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் இது அதிகம்னு மருத்துவ நூல்களே சொல்லுது. ஆனா நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கோம்?

கட்டி ஏன் குழாயை அடைக்குது? ரெண்டு வழி. பெரிசாகிப் பக்கத்துக் குழாயை வெளியிலிருந்து நெரிக்கலாம். இல்லைன்னா உள் அழுத்தம் தாங்காம குழாய்க்குள்ளேயே வெடிச்சு, அதோட சவ்வும் குட்டிக் கட்டிகளும் பித்தக் குழாய்க்குள் விழலாம். தம்பிக்கு நடந்தது ரெண்டாவது. சவ்வு குழாயில் நகர்ந்து வழி விட்டப்போ பிலிருபின் 4. மறுபடி அடைச்சப்போ 9. கீழாநெல்லியும் குறைக்கலை, பிரியாணியும் ஏத்தலை!

எல்லாக் கட்டியும் வில்லன் இல்லை!

இதைப் படிச்சுட்டு யாரும் டென்ஷன் ஆகாதீங்க. வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கும்போது 'கல்லீரலில் நீர்க்கட்டி'ன்னு ரிப்போர்ட் வந்தா, பெரும்பாலும் அது பிறவியிலேயே வந்த சாதாக் கட்டி. தெளிந்த நீர், மெல்லிய சுவர். தொந்தரவு இல்லைன்னா தொடவே வேண்டாம். அபூர்வமா அது பெரிசாகிக் குழாயை நெரிச்சா, லேப்ராஸ்கோப்பி மூலம் கட்டியின் மேல்கூரையை வெட்டி எடுத்துடுவாங்க. ஊசி போட்டு நீரை மட்டும் உறிஞ்சினா மறுபடி ஊறிடும்.

சிலருக்குப் பரம்பரையா கல்லீரல் முழுக்கக் கட்டிகள் இருக்கும். சிறுநீரகத்திலும் இருக்கலாம். பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு வர்ற ஒரு வகைக் கட்டி, சுவரும் தடுப்புகளும் தடிச்சு இருக்கும். பின்னாளில் புற்றுநோயாக மாறலாம் என்பதால் அதை முழுசா அகற்றணும். இன்னொண்ணு, பித்தக் குழாயே பலூன் மாதிரி உப்புவது. ஆசிய நாடுகளில், அதிலும் பெண் குழந்தைகளுக்கு அதிகம். உப்பின குழாயை எடுத்துட்டு, சிறுகுடலின் ஒரு துண்டைக் கல்லீரல் குழாயோட நேரடியா இணைப்பாங்க.

எது எந்தக் கட்டின்னு கண்டுபிடிக்கிறதுதான் பாதி வைத்தியம். 'சும்மா ஒரு ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்க்கலாமே'ன்னு எங்க சித்தப்பா ஒருத்தர் ஐடியா கொடுத்தார். டாக்டர் பதறிட்டார். ஹைடாடிட் நீர் முறையில்லாம வயித்துக்குள் கசிஞ்சா கடுமையான அலர்ஜி வந்து ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிரே போகலாம். பிழைச்சாலும் சிந்தின இடமெல்லாம் புதுக் கட்டி முளைக்கும். மருந்துப் பாதுகாப்போட, ஸ்கேன் பார்த்துக்கிட்டே ஊசி போட்டு நீரை எடுத்து, புழுக்கொல்லி செலுத்தி, திரும்ப உறிஞ்சுகிற முறை 1980-களிலிருந்து இருக்கு. ஆனா பித்தக் குழாயோட தொடர்பு உள்ள கட்டியில் அதைச் செய்யக் கூடாது. புழுவைக் கொல்கிற மருந்து பித்தக் குழாயையும் சேர்த்துக் கருக்கிடும்!

அதனால ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு வேலை. ரத்தத்தில் கல்லீரல் பரிசோதனையும், புழுவுக்கு எதிரான புரதமும். கட்டி எங்கே, எந்த ரத்தக் குழாய்க்குப் பக்கத்திலன்னு சொல்ல சி.டி. ஸ்கேன். பித்தக் குழாய்களை மட்டும் வெளிச்சம் போட்டு வரைபடமா காட்ட எம்.ஆர்.சி.பி. ஊசியோ வலியோ இல்லாத எம்.ஆர்.ஐ. வகை அது.

முதலில் அடைப்பு, அப்புறம் கட்டி

ஆபரேஷன்னு நேரா கத்தியை எடுத்துட மாட்டாங்க. சீழ் பிடிச்ச, காமாலை முத்தின உடம்பு பெரிய ஆபரேஷனைத் தாங்காது. முதலில் ஆன்டிபயாடிக். பித்தம் குடலுக்கு வராததால் வைட்டமின் கே உடம்பில் சேர்ந்திருக்காது, ரத்தம் உறையாது. அதனால அதுக்கு ஊசி.

அடுத்து இ.ஆர்.சி.பி. வாய் வழியா வளையக்கூடிய குழாய் கேமராவைச் சிறுகுடல் வரை இறக்கி, பித்தக் குழாய் திறக்கிற சின்ன வாசலைக் கண்டுபிடிப்பாங்க. 1968-ல் அமெரிக்காவில் வில்லியம் மெக்யூன் குழு இந்த வழியைக் காட்டியது. 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அந்த வாசலையே மின்கம்பியால் லேசா வெட்டி அகலப்படுத்தக் கத்துக்கிட்டாங்க. வயித்தைக் கிழிக்காம அடைப்பை எடுக்கும் கதவு அன்னிக்குத் திறந்தது.

தம்பிக்கும் அதுதான். வாசலை அகலமாக்கிச் சின்ன பலூனால் குழாயைத் துடைச்சு இழுத்ததும், மஞ்சள் சவ்வுகள் வெளியே வந்ததாம். உரிச்ச திராட்சைத் தோல் மாதிரி இருந்ததுன்னு டாக்டர் சொன்னார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வெச்சாங்க. ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அஞ்சாவது நாள் அவன் அம்மாகிட்ட ரகசியமா, "அம்மா, கலர் வந்துடுச்சும்மா"ன்னு சொன்னான். அந்தம்மா அழுதுட்டாங்க. ஒரு வீடே அதுக்காக சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்னிக்குத்தான்!

அப்புறம் சில வாரம் அல்பெண்டசோல் மாத்திரை. பூச்சி மாத்திரைன்னு ஸ்கூல்ல கொடுப்பாங்களே, அதே ஜாதி. ஆனா இங்கே தினமும், டாக்டர் கண்காணிப்பில். நடுநடுவே கல்லீரல் டெஸ்ட், ரத்த அணு எண்ணிக்கை. நீங்களா வாங்கிப் போடற சமாச்சாரம் இல்லை.

ஆபரேஷன் அன்னிக்கு...

சர்ஜன் எங்களுக்குப் படம் வரைஞ்சே விளக்கினார். கட்டியைச் சுத்தி உப்புக் கரைசலில் நனைச்ச துணிகளை அடுக்கி அணை கட்டுவாங்க. அடர்த்தியான உப்புநீரில் புழு செத்துடும். அப்புறம் ஒரு துளிகூடச் சிந்தாம நீரை உறிஞ்சணும். நீர் படிகம் மாதிரி தெளிவா இருந்தா பித்தக் குழாயோட தொடர்பு இல்லாம இருக்கலாம். மஞ்சளா இருந்தா தொடர்பு இருக்கு, உள்ளே மருந்து செலுத்தக் கூடாது. தம்பிக்கு மஞ்சள்.

வெள்ளைச் சவ்வை முழுசா எடுத்தப்புறம்தான் முக்கியமான வேலையே. காலியான குழிக்குள் சுத்தமான வெள்ளைத் துணியை அடைச்சுக் கொஞ்ச நேரம் காத்திருப்பாங்க. எடுத்துப் பார்த்தா எந்த இடத்தில் மஞ்சள் கறை இருக்கோ, அங்கேதான் பித்தக் குழாயின் ஓட்டை! எவ்வளவு சிம்பிளான ஐடியா பாருங்க. கட்டி இறுக்கமா இருந்தவரை அதோட அழுத்தமே பித்தத்தைத் தடுத்து வெச்சிருக்கும். காலி பண்ணினதும் பித்தம் குழிக்குள் கொட்ட ஆரம்பிக்கும். ஓட்டையைத் தேடித் தைக்கலைன்னா வாரக்கணக்கில் டிரெயின் டியூபில் பித்தம் வடியும். ஸ்டென்ட் இருந்தா பித்தம் குடல் பக்கமே போயிடும், தையல் ஆற நேரம் கிடைக்கும். கடைசியா, குடலை மூடியிருக்கிற கொழுப்புச் சவ்வில் ஒரு பகுதியை இழுத்து அந்தக் குழியை நிரப்பிட்டாங்க.

தம்பிக்குத் திறந்த ஆபரேஷன். கட்டி இருந்த இடம் அப்படி. ஆனா இதையே நாலு சின்ன ஓட்டை வழியா செய்யலாம்னு வழி காட்டியவர் நம்ம கோயம்புத்தூர்க்காரர். ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி.பழனிவேலு. லேப்ராஸ்கோப்பியில் ஹைடாடிட்டைத் தொட உலகமே பயந்ததுக்குக் காரணம், நீர் சிந்திடும் என்பதுதான். அவர் அதுக்குன்னே குழாய்க்குள் குழாய் வைத்த ஒரு தனிக் கருவியை வடிவமைச்சார். கட்டியைக் குத்துகிற போதே ஓரத்தில் கசிகிற நீரையும் அதுவே உறிஞ்சிடும். காலியானதும் அதே குழாய் வழியா கேமராவைக் கட்டிக்குள்ளேயே இறக்கி, பித்த ஓட்டை இருக்கான்னு பெரிசாக்கிப் பார்த்துக்கலாம். 2006-ல் சர்வதேச அறுவை சிகிச்சை இதழ்களில் அவர் குழு இதை வெளியிட்டது. 'பழனிவேலு ஹைடாடிட் சிஸ்டம்'னே மருத்துவ உலகம் பேர் சொல்லுது. ஒரு தமிழ்ப் பெயர், ஒரு சர்ஜரி கருவிக்கு!

இன்னொரு பேரும் சொல்லணும். டாக்டர் என்.ரங்கபாஷ்யம். சென்னை மருத்துவக் கல்லூரியில் குடல், கல்லீரல் அறுவை சிகிச்சைக்குன்னு தனித் துறையை உருவாக்கி வளர்த்தவர். 2002-ல் பத்மபூஷண் வாங்கினார். 2013-ல் மறைந்தார். காசில்லாத ஒரு லேத் தொழிலாளி மகனுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்ட் கிடைக்கிறார்னா, அது இப்படிப்பட்டவங்க போட்ட ரோடு. பணம் கட்டித்தான் ஆகணும்கிற இடத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு. உங்க வீட்டில் அந்த கார்டு இருக்கான்னு இன்னிக்கே கேளுங்க. நோய் வந்தப்புறம் வருமானச் சான்றிதழுக்கு அலையறது கொடுமை. நாங்க அலைஞ்சோம்.

ஒரு புத்தகம் ஒரு நாட்டைக் காப்பாத்தின கதை

ஐஸ்லாந்து தெரியுமா? ஒரு காலத்தில் உலகத்திலேயே ஹைடாடிட் அதிகமா இருந்த நாடுகளில் ஒண்ணு. ஆடும் நாயும் இல்லாத வீடே கிடையாது. 1863-ல் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபேன்னு ஒரு விஞ்ஞானி அங்கே போய் நாய்களை ஆராய்ச்சி பண்ணினார். 1864-ல் அவர் எழுதின சின்னப் புத்தகம் வீடு வீடா இலவசமா கொடுக்கப்பட்டது. நாய்க்கு ஆட்டுக் கழிவைப் போடாதே, புழு மருந்து கொடு, கையைக் கழுவு. அவ்வளவுதான் விஷயம். நீண்ட குளிர்கால ராத்திரிகளில் ஜனங்க அதைப் படிச்சாங்க. 1869-ல் சட்டமும் வந்தது. சில தலைமுறைகளில் நோய் அந்த நாட்டை விட்டே போயிடுச்சு. நியூசிலாந்தும் பல பத்தாண்டுகள் போராடி 2002-ல் ஜெயிச்சது.

நம்ம ஏரியாவுக்கு வாங்க. மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி... ஞாயித்துக்கிழமை காலையில மட்டன் கடை வாசலில் அஞ்சாறு நாய் வாலாட்டிக்கிட்டு நிக்கும். கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு துண்டு ஈரலோ நுரையீரலோ தூக்கிப் போடுவார். அந்த ஒரு துண்டில்தான் வட்டம் சுத்துது.

நாயை வெறுக்கச் சொல்லலை. அது எந்தத் தப்பும் பண்ணலை. வளர்ப்பு நாய்க்குக் கால்நடை டாக்டர் சொல்ற இடைவெளியில் பிராசிகுவான்டெல் கலந்த புழு மருந்து கொடுங்க. பச்சைக் கழிவைப் போடாதீங்க, மட்டன் கடை அண்ணன்கிட்டயும் எடுத்துச் சொல்லுங்க. நாயைக் கொஞ்சினதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. கீரையை நல்லா அலசுங்க. மட்டன் சாப்பிடறதால இந்த நோய் நேரடியா வராது. சைவம்தானேன்னு தப்பிக்கவும் முடியாது. மனுஷன்கிட்ட இருந்து மனுஷனுக்குத் தொத்தாது. அதனால வந்தவங்களைத் தள்ளி வைக்கிற வேலையே வேண்டாம்.

கண்ணு மஞ்சளா இருக்கிற ஃப்ரெண்டைப் பார்த்தா, என்னை மாதிரி வண்டியில ஏத்திக்கிட்டு இலை மருந்துக்குப் போகாதீங்க. மூணே கேள்வி கேளுங்க. உடம்பு அரிக்குதா? குளிர்க் காய்ச்சல் இருக்கா? மலம் வெளுத்துப் போகுதா? ஒண்ணுக்கு 'ஆமா' வந்தாலும் அன்னிக்கே டாக்டர், அன்னிக்கே ஸ்கேன். எதுவுமே இல்லைன்னாலும் டாக்டரைப் பார்க்காம விடாதீங்க. கேட்கக் கூச்சமா இருக்கும். கேளுங்க. ஒரு நிமிஷக் கூச்சம் பரவாயில்லை.

தம்பிக்கு அந்த செமஸ்டர் போச்சு. நாலு அரியர். அடுத்த வருஷம் எல்லாத்தையும் க்ளியர் பண்ணினான். ஸ்டென்ட்டைச் சில வாரத்தில் எடுத்துட்டாங்க. மாத்திரை சில மாசம் ஓடிச்சு. கட்டி திரும்ப வருதான்னு பார்க்க வருஷா வருஷம் ஸ்கேன். அவங்க அம்மா மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வெச்சு வேண்டியிருந்தாங்க. ஆறாவது வாரம் அவனே கூடப் போய், சட்டைக்குள்ள இருந்த தழும்பைத் தடவிக்கிட்டே வரிசையில நின்னான். நானும் பின்னாடி நின்னேன்.

"அண்ணா, நீ என்ன வேண்டிக்கிட்டே?"ன்னு கேட்டான்.

"மன்னிப்புடா"ன்னேன்.

"அட, விடுண்ணா. பஜ்ஜி வாங்கிக் கொடு. மூணு மாசமா எண்ணெய்ப் பலகாரமே கண்ணுல காட்டலை"ன்னான்.

வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு ப்ளேட்!